71.3-இல் நின்ற டிஸ்க்

லேப்டாப்பில் என்கிரிப்ஷன் (கீ இல்லாதவர் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டும் வேலை) பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது போன் செய்தால், இப்போதெல்லாம் நான் என்கிரிப்ஷனைப் பற்றி முதலில் கேட்பதில்லை. உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது, அதில் இருப்பதற்கு வேறு எங்காவது நகல் உண்டா, இவ்வளவுதான் கேட்கிறேன். கூப்பிட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது குரலிலேயே தெரியும். எந்தப் பட்டனை அழுத்தினால் சதவீதம் நகரும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. இணையத்தில் தேடினாலும் பட்டன் யோசனைகள்தான் கொட்டும்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, ஆன்டிவைரஸை நிறுத்து, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை ஓட்டு, ஒன்றும் நடக்காவிட்டால் டிகிரிப்ட் கொடுத்து, பூட்டியதை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடத்தில் வேலை செய்த யோசனையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பார்த்ததற்குப் பிறகு, இவற்றில் பாதி யோசனைகள் ஆளைக் குழிக்குள் தள்ளக்கூடியவை என்ற எண்ணம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் எங்கள் வீட்டுக் கணக்கை அப்பா காலத்திலிருந்து பார்த்துவரும் ஆடிட்டர் அவர். கிளையண்ட்டுகளில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிகள். அதில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி, வெளிநாட்டு பையர் கேட்கிறார் என்று ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது. எங்கள் விவரங்களைக் கையாளும் லேப்டாப்புகள் எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டவையா, ஆம் அல்லது இல்லை. கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஆடிட்டரின் லேப்டாப்பில் பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல் என்று எத்தனையோ குடும்பங்களின் அந்தரங்கம் கிடக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காபந்து ஏற்பாடுகளில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சார் அந்தத் தொகையைப் படித்துவிட்டு 'ஆம்' போடுவதென்று முடிவு செய்தார். அவரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் பயிற்சி) பண்ணும் பெண், விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரை ஆன் செய்தாள். சி டிரைவ் முடிந்தது. டி டிரைவ் 71.3 சதவீதத்தில் நின்றது.

"ஏனுங் தம்பி, இது நிக்குதா, ஓடுதா? நிக்குதுன்னா இந்தத் தாள்ல நான் எதுல டிக் அடிக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு அது நகைச்சுவை இல்லை.

வழக்கமான சந்தேகங்கள்

முதலில் எல்லோரும் பார்க்கிற இடங்களைத்தான் நானும் பார்த்தேன். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். தூங்கும் லேப்டாப்பில் எதுவும் என்கிரிப்ட் ஆகாது. அந்த ஆபீஸில் சாயங்காலம் கிளம்பும்போது மூடியைச் சாத்திவிட்டுப் போவது வழக்கம், அதனால் அது ஒரு நல்ல சந்தேகம். மேக் என்றால் அதிலுள்ள என்கிரிப்ஷன் வசதியான ஃபைல்வால்ட்டின் ஆரம்ப என்கிரிப்ஷன் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும்தான் நகரும். வயரைப் பிடுங்கினால் நின்றுகொள்ளும். டி2 என்ற பாதுகாப்புச் சிப்போ ஆப்பிளின் சொந்த சிலிக்கானோ உள்ள மேக்கில் இந்தப் பிரச்சினையே கிடையாது, டிஸ்க் பிறக்கும்போதே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கிறது. விண்டோஸில் இன்னொரு வகை உண்டு. என்கிரிப்ஷன் 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் பாதுகாப்பு ஆஃப் என்றும் காட்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்து ரெக்கவரி கீ, அதாவது பூட்டிய டிரைவைத் திறக்கும் எண், அங்கே போய்ச் சேரும்வரை அது காத்திருக்கும். இவற்றில் எதுவும் இங்கே இல்லை. பவர் செட்டிங்ஸில் தூக்கத்தை அணைத்து, சார்ஜரை யூபிஎஸ்ஸில் செருகி, ராத்திரி முழுக்க விட்டாயிற்று. காலையிலும் 71.3.

நடுவில் அந்தப் பெண் போனில் பதறினாள்: "அண்ணா, டி டிரைவ் ஃபுல்லுன்னு காட்டுது. வைரஸ் வந்துருச்சா?" இல்லை. முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யச் சொன்னால், காலி இடத்திலும் பழைய ஃபைல்களின் மிச்சம் கிடக்கும் என்பதற்காக பிட்லாக்கர் ஒரு பெரிய டம்மி ஃபைலை உருவாக்கி அந்த இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 6 ஜிபி மட்டும் அன்றாடத் தேவைக்கு விட்டுவைக்கும். முடிந்தாலோ, பாஸ் (pause) கொடுத்து நடுவில் நிறுத்திவைத்தாலோ அந்த ஃபைல் போய்விடும், இடம் திரும்பி வந்துவிடும். இதை முன்கூட்டியே திரையில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் இடம் பண்ணுகிறேன் என்று அவசரத்தில் ஃபைல்களை அழித்துத் தொலைக்காமல் இருப்பார்கள். அவள் அழிக்கவில்லை. போன் செய்து கேட்டாள். அந்த ஆபீஸின் நல்ல நேரம்.

நூறு சதவீதம் வேலை, பலன் பூஜ்யம்

நேரில் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் விஷயம் முகத்தைக் காட்டியது. டிஸ்க்கின் ஆக்டிவ் டைம் 100 சதவீதம். கீழே ரீட் ஸ்பீடு பூஜ்யம், ரைட் ஸ்பீடு பூஜ்யம். பதில் தரும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி செகண்ட். காதை லேப்டாப்பின் இடது ஓரத்தில் வைத்தால் ஒரே சீராக டக், கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். ஓடுகிற டிஸ்க்கில் இப்படிச் சத்தம் வராது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7-ஆம் எண் பதிவுகள் வரிசையாக: இந்தச் சாதனத்தில் ஒரு கெட்ட பிளாக் இருக்கிறது. அவற்றுக்கு நடுவே 153-ஆம் எண்: இந்த முகவரியில் படிக்க முயன்றது மறுபடியும் முயலப்பட்டது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் போட்டால் எச்சரிக்கையாக மஞ்சள் விளக்கு. 'கரண்ட் பெண்டிங் செக்டார்' வரியில் 68. அந்தக் கருவி எண்ணைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறைக் கொண்டு எண்ணும் முறையில்) காட்டும் பழக்கமுள்ளது. 68 என்றால் நம் கணக்கில் 104. பலர் இதைக் கவனிப்பதில்லை.

பெண்டிங் செக்டார் என்பது படிக்க முடியாமல் போன, ஆனால் இன்னும் கைகழுவப்படாத இடம். அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதினால், அந்த இடம் தேறாது என்று கண்டால் டிஸ்க் தன்னிடமுள்ள உபரி இடத்துக்கு அதை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். படிக்கச் சொன்னால்தான் சிக்கல். லேப்டாப்பில் வரும் சாதாரண டிஸ்க்குகள் ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் எளிதில் விட்டுக்கொடுக்காது, பல விநாடிகள் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். நெட்வொர்க்கில் பலர் பகிரும் சேமிப்புப் பெட்டிகளுக்கான நாஸ் டிஸ்க்குகள் பொதுவாக 7 விநாடியில் கைவிட்டுவிடும், பின்னால் இன்னொரு டிஸ்க்கில் நகல் இருக்கும் என்ற தைரியம். லேப்டாப் டிஸ்க்குக்கு அந்தத் தைரியம் கிடையாது. பிட்லாக்கரின் வேலையோ ஒவ்வொரு இடமாகப் படித்து, என்கிரிப்ட் செய்து, அதே இடத்தில் திரும்ப எழுதுவது. எழுதினால் சரியாகிவிடக்கூடிய இடம்தான், ஆனால் எழுதுவதற்கு முன் படித்தாக வேண்டும். அங்கேதான் 71.3 உட்கார்ந்துகொண்டிருந்தது.

இந்த இடங்கள் நேற்று ராத்திரி கெட்டவை அல்ல. எப்போது கெட்டன என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் யாரும் அங்கே போகவில்லை. அன்றாடம் நாம் திறப்பது டேலி டேட்டா, நடப்பு வருஷத்து எக்செல், மெயில். ஒரு டெரா டிஸ்க்கில் அது ஒரு மூலை. மற்றபடி லேப்டாப் மாறும்போதெல்லாம் மொத்தமாக நகலெடுத்துக் கொண்டுவந்த பழைய ஃபோல்டர்கள், பல வருஷமாக ஒருவர் கையும் படாதவை. என்கிரிப்ஷன்தான் அந்த டிஸ்க்கின் வாழ்நாளில் முதல்முறையாக ஓரத்திலிருந்து ஓரம்வரை படித்த ஆள். சர்வர்காரர்களுக்கு இது பழைய சங்கதி. டெபியன் லினக்ஸில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) அமைத்தால், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மொத்த டிஸ்க்கையும் ஒருதடவை படித்துப் பார்க்கும்படி தானாகவே ஏற்பாடு ஆகிவிடும். லேப்டாப்பில் அப்படிப் படிக்க ஆளில்லை.

இதை சாரிடம் விளக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே பிடித்துக்கொண்டார். "அதாவதுங் தம்பி, புக்குல ஸ்டாக் இருக்குன்னு இருக்குது. குடோனுக்குள்ள போயி ரேக் ரேக்கா எண்ணும்போதுதான் அடியில இருந்த துணி ரோல் நனைஞ்சு மக்கிக் கெடக்கறது தெரியுது. எண்ணப் போனவன் மேல பழி போட்டு என்ன பண்றது?" அவ்வளவுதான். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்

இருந்தாலும் அடுத்த நிமிஷமே அவர் சொன்னது: "சரிங்க, அப்ப பழையபடி ஆக்கிப்போடுங்க. நூறு ரூபா வேலைக்கு ஆயிரம் ரூபா வில்லங்கம் வேண்டாம்." டிகிரிப்ட் கொடுங்கள் என்கிறார். மனுஷனுக்கு இயல்பாக வருகிற புத்தி அது. வந்த வழியே திரும்பிப் போனால் பழைய இடத்துக்குப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் டிகிரிப்ட் என்பது பின்னோக்கி நடப்பது இல்லை. என்கிரிப்ட் ஆன முக்கால்வாசி டிஸ்க்கையும் இன்னொருமுறை படித்து, இன்னொருமுறை எழுதுவது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை இன்னொரு சுற்று ஓடவிடுவது. செக்டிஸ்க்கில் கெட்ட செக்டார் தேடச் சொல்வதும் அதே கதை, மொத்த டிஸ்க்கையும் தடவிப் பார்க்காமல் அது ஓயாது.

எனக்குள் இருந்த தயக்கத்தை உறுதியாக்கியவை இரண்டு விஷயங்கள். ஒன்று, கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு. ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளில் சாவதற்கு 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். இங்கே ஒரு பிழை இல்லை, 104. இன்னொன்று, பிட்லாக்கரின் பழுதுபார்க்கும் கருவியான ரிப்பேர்-பிடிஇ பற்றிய ஆவணத்தில் உள்ள ஒரு வரி. பழுதான டிஸ்க்கிலிருந்து ரெக்கவரி கீயை வைத்து விவரங்களை மீட்டுத் தரும் கருவி அது. ஆனால் என்கிரிப்ஷனோ டிகிரிப்ஷனோ நடந்துகொண்டிருக்கும்போது டிஸ்க் போய்விட்டால் அந்தக் கருவி உதவாது. டிரைவில் என்கிரிப்ஷன் என்று ஒன்று இருந்தால் அது முழுக்க ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அது வேலை செய்கிறது.

அந்த வரியை சாருக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கத் திறந்த டிஸ்க் செத்தால் ரெக்கவரி கடைக்காரர் ஏதாவது தேற்றுவார். முழுக்கப் பூட்டிய டிஸ்க் செத்தாலும் கீ இருந்தால் ஒரு வழி இருக்கிறது. முக்கால் பூட்டி கால் திறந்து கிடக்கிற டிஸ்க் செத்தால்தான் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். நாங்கள் நின்றது சரியாக அந்த இடத்தில். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் டிஸ்க்கை அடிக்கிற வேலை. அப்படியே நிறுத்திவிட்டு, டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே நகலெடுத்து வெளியேறுவதுதான் மூன்றாவது வழி. பாதி என்கிரிப்ட் ஆன டிரைவாக இருந்தாலும், திறந்த நிலையில் இருக்கும்வரை ஃபைல்களைப் படிப்பதில் விண்டோஸுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆன பகுதியை அவிழ்த்துத் தரும், ஆகாத பகுதியை அப்படியே தரும்.

சார் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூலை மாசம், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கூட்டம் வெளி பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்தது. "நிறுத்துங்க" என்றார். பாஸ் கட்டளை கொடுத்தும் டிஸ்க் உடனே கேட்கவில்லை. பிடித்த செக்டாரை விட்ட பிறகுதான் அடங்கியது. டி டிரைவின் காலி இடம் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

பதினொன்றும் பத்து லட்சமும்

நகலெடுக்கும் முன்பு ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். லேப்டாப் தற்செயலாக ரீஸ்டார்ட் ஆகி டி டிரைவ் பூட்டிக்கொண்டால் அதுதான் கதி. என்கிரிப்ட் ஆன டிரைவிலேயே கீயைச் சேமிக்க பிட்லாக்கர் விடாது. அதனால் பலர் பிரிண்ட் கொடுத்து, பிடிஎஃப்பாக அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்வார்கள், பூட்டியதைத் திறக்கும் எண் பூட்டியதற்கு உள்ளேயே. இந்தப் பெண் ஒழுங்காகத் தாளில் பிரிண்ட் எடுத்து, பான் கார்டு நகல்கள் இருக்கும் பாக்ஸ் ஃபைலில் வைத்திருந்தாள். அந்தத் தாள் சரியானதுதானா என்று திரையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டோம். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூறு. ஒவ்வொரு கூறும் 11-ஆல் மீதியின்றி வகுபடும்; ஒரு இலக்கம் தப்பாக அடித்தாலும் அந்தக் கூறிலேயே பிடித்துவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு என்று சொன்னேன்.

சார் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை இந்த விவகாரம் முழுவதும் அவருக்கு யாரோ வீட்டுக் கல்யாணம். எண் என்றதும் சொந்த வீடு. தாளை வாங்கி, பேனாவால் ஒன்றைவிட்டு ஒன்று கூட்ட ஆரம்பித்தார். 275363 என்று ஒரு கூறு வந்தால் (உண்மையான கீயை இங்கே எழுதுவேனா, இது உதாரணம்), 2-ம் 5-ம் 6-ம் 13. 7-ம் 3-ம் 3-ம் 13. சமம், ஆகவே 11-ஆல் வகுபடும். எட்டுக் கூறையும் முடித்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை மையில் டிக் போட்டார். "டேலி ஆகுதுங்" என்றார். அந்த மத்தியானத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

நகலெடுக்க, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி கட்டளை. இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரு ஃபைலை அது பத்து லட்சம் தடவை முயலும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நிற்கும். அதனால் ஒரு தடவை முயன்று பார், ஒரு விநாடி பொறு, இல்லையென்றால் விட்டுவிட்டுப் போ, விட்டதை லாகில் எழுதிவை என்று சொல்லிவிட வேண்டும். எந்த வரிசையில் எடுப்பது என்பதை சாரே சொன்னார். நடப்பு வருஷத்து டேலி, பிறகு ஜிஎஸ்டி ஒர்க்கிங், பிறகு போன வருஷத்து ஆடிட் ஃபைல்கள். பழைய ஸ்கேன்கள் கடைசி. அவசரம் கருதி அவர் சொன்ன வரிசை, டிஸ்க்கின் ஆரோக்கியத்துக்கும் அதுவே சரியான வரிசை. கெட்ட இடம் இருக்க வாய்ப்புள்ளது கைபடாத பழைய ஃபோல்டர்களில்தான்; அங்கே போய் முட்டிக்கொள்வதற்கு முன் வேண்டியதெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும்.

வந்துவிட்டது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எல்லாம் இறங்கிய பிறகு லாகைப் பார்த்தால், விடுபட்டவை ஒரே ஒரு ஃபோல்டரில் கிடந்த ஸ்கேன்கள். ஒரு சாயப்பட்டறையின் கணக்கு. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மூடியது, அப்புறம் திறக்கவே இல்லை. ஜிஎஸ்டி சட்டம் கணக்கை 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது, கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டு. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அதை வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்தப் பட்டறைக்காரர் இப்போது பெருமாநல்லூர்ப் பக்கம் தென்னை வைத்திருக்கிறார் என்று மட்டும் சார் சொன்னார்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது

புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை ஏற்றி, டி டிரைவ் காலியாக இருக்கும்போதே பிட்லாக்கரை ஆன் செய்தோம். புது டிஸ்க் என்பதால் 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், அழிந்த ஃபைல்களின் மிச்சம் எதுவும் அதில் இல்லை. காலி டிரைவை என்கிரிப்ட் செய்ய ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அதன்பிறகு உள்ளே போகும் ஒவ்வொரு ஃபைலும் போகும்போதே என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது. முதலிலேயே இப்படித் தொடங்கியிருந்தால் பாதி வழியில் நிற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இனி நான் டிஸ்க்கை மாற்றாமல் பிட்லாக்கரைத் தொடுவதாக இல்லை. செலவு என்று முணுமுணுப்பவர்களிடம் அந்த 104-ஐக் காட்டுகிறேன்.

பழைய டிஸ்க்தான் கையில் நின்றது. கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதில் கால்வாசிக்கும் மேல் என்கிரிப்ட் ஆகாமல் கிடக்கிறது, யார் யாருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்டோ. முழுக்க எழுதி அழிக்கலாம் என்றால், கெட்ட செக்டார்களில் எழுதுவது ஒழுங்காக நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உபரி இடத்துக்கு மாற்றப்பட்டுவிட்ட செக்டார்களின் பழைய உள்ளடக்கம் நம் கைக்கே எட்டாது. உடைப்பதுதான் வழி. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் சுத்தியலோடு வந்தார். 2.5 அங்குல டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும் என்று சொல்லி, சாக்குப்பைக்குள் போட்டு அடிக்கச் சொன்னேன். இரண்டாவது அடியிலேயே உள்ளே சலசலவென்று கேட்டது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். உடைத்த டிஸ்க்கைக் கணக்கில் எப்படித் தள்ளுவீர்கள்? சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இவ்வளவு நேரம் நான் அவருக்குப் பாடம் எடுத்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துச் சொன்னார்: "தனியா எதுக்குங் தம்பி தள்ளோணும்? இன்கம்டாக்ஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் சேந்து ஒரே தொகுப்பு, ஒரே பிளாக்குங்க. டிஸ்க் சாக்குப்பைல கெடந்தாலும் பிளாக்குல உசுரோடதான் இருக்கும். வருஷம் 40 பெர்சென்ட் தேய்மானம் போட்டுட்டே இருப்போம்."